எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டபோது

(நூற்றாண்டு விழாவையொட்டி லண்டனில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் முதலில் கேட்டது நாற்பதைத் தாண்டிய பெண்களின் எலும்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு பற்றி ஒரு சிறு உரை. வைத்தியர் என்றால் அதைத்தானே கேட்பார்கள். நானும் ஓம் என்று சொல்லி, பாதி எழுதியும் வைத்திருந்தேன். பிறகு செயலாளருக்கு ரெலிபோன் எடுத்து, வேறொரு விடயம் பேசலாமா என்று கேட்டேன். என்ன விடயம் என்று சொன்னதும் அவர் சில விநாடி பேசவில்லை. பிறகு, “பள்ளிக்கூடத்தின்ர நூறாவது வருசத்தில பள்ளிக்கூடம் போகாத பிள்ளையைப் பற்றியோ?” என்று கேட்டார். ஓம், அதைப் பற்றித்தான். அவர் மறுக்கவில்லை. அதற்கு அவருக்கு நன்றி. இரத்த அழுத்தத்தைத் தேநீர் இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். 2023ஆம் ஆண்டு ஒன்றுகூடலில், இதே மாதிரியான ஒரு மண்டபத்தில், என்னோடு ஆண்டு ஆறிலிருந்து ஒரே வாங்கில் இருந்து படித்த தோழி என்னிடம் கேட்டாள்: “மகள் இப்ப எந்தப் பள்ளிக்கூடம்? கிராமர் கிடைச்சதோ?” நான் ஒரு பாடசாலையின் பெயரைச் சொன்னேன். மகள் அந்தப் பாடசாலையை விட்டு அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தோழி சந்தோசப்பட்டாள். நான் கோழிக் கறியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அவள் இன்று மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். மன்னித்துக்கொள்ளடி.

என் மகள் கெட்டிக்காரப் பிள்ளை. எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் சொல்வார்கள், ஆகவே அதை விட்டுவிடுவோம். ஆரம்பப் பாடசாலையில் சந்தோசமாக இருந்தாள். பதினொரு வயதில், நல்ல பெயர் எடுத்த ஒரு பெரிய பாடசாலைக்குப் போனாள். முதல் மாதத்திலேயே வயிற்று நோ. திங்கட்கிழமை கூடுதலாக, வெள்ளிக்கிழமை குறைவாக, விடுமுறையில் இல்லவே இல்லை. நான் குடும்ப வைத்தியர். இந்த வயிற்று நோவோடு எத்தனை பிள்ளைகளை என் அறையில் பார்த்திருக்கிறேன்! வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தேவையான இரத்தப் பரிசோதனை செய்து, பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லி, “பாடசாலையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் திரும்பிப் போவது கடினம்” என்று பெற்றோருக்குச் சொல்லி அனுப்புவேன். அது தவறான ஆலோசனை அல்ல. இன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதையே சொல்கிறேன். காரணத்தைக் கண்டுபிடித்து, பாடசாலையோடு கதைத்து, மெல்ல மெல்லத் திரும்ப அனுப்பினால் பல பிள்ளைகள் தேறிவிடுவார்கள்.

என் பிள்ளை தேறவில்லை. வகுப்பாசிரியரோடு கதைத்தோம். அரை நாள் போய்ப் பார்த்தாள். உளநல உதவிக்குப் பதிந்து காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளம் என்பது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நவம்பர் மாதம் ஒரு காலை, ஒரு காலில் சப்பாத்து, மற்றது கையில், மாடிப்படியில் நின்றாள். அழவில்லை. கத்தவில்லை. நாற்பது நிமிடம் அப்படியே நின்றாள். எனக்குக் காலை நோயாளிகள் காத்திருந்தார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். அவளுடைய கணுக்கால் அவ்வளவு மெலிந்திருந்ததை அன்றுதான் கண்டேன். வைத்தியர் வீட்டுப் பிள்ளை இப்படி மெலிந்ததை வைத்தியர் காணவில்லை.

2022 ஜனவரியில் அவளைப் பாடசாலையிலிருந்து எடுத்தோம்.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு கடிதம் போதும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, பிள்ளைக்கு வயதுக்கும் ஆற்றலுக்கும் ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்கிறது. அதைப் பாடசாலைக்கு ஒழுங்காக அனுப்பியோ “அல்லது வேறு வகையிலோ” செய்யலாம். இந்த “வேறு வகை” என்ற சொற்கள் 1944ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தவை. இரண்டு சொல்தான். அந்த இரண்டு சொல்லுக்குள் எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. 1950களில் நோர்போக்கில் ஜோய் பேக்கர் என்ற தாய், தன் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப மாட்டேன் என்று நின்று, வருடக் கணக்காக அதிகாரிகளோடும் நீதிமன்றங்களோடும் போராடினார். பின்னர் அந்த அனுபவத்தை நூலாகவும் எழுதினார். அவருக்குப் பக்கத்தில் நிற்க அப்போது ஓர் அமைப்புக்கூட இருக்கவில்லை. எனக்குச் சட்டத்தை விட அந்தத் தனிமைதான் நன்றாக விளங்கியது.

நாங்கள் எடுத்தது வெறும் வீட்டுக் கல்வியும் அல்ல. முதல் இரண்டு மாதம் நான் வீட்டையே பள்ளிக்கூடமாக்கப் பார்த்தேன். நேரசூசி அடித்து ஒட்டினேன். ஒன்பது மணிக்குக் கணிதம், பத்துக்கு ஆங்கிலம். எங்கள் பாடசாலையில் படித்தவளுக்கு வேறு என்ன வரும்? மூன்றாவது கிழமை அவள் மறுபடியும் மாடிப்படியில் நின்றாள். இந்த முறை பள்ளிக்கூடம் நான்தான். நேரசூசியைக் கழற்றினேன். அதற்குப் பிறகு நாங்கள் போன வழிக்கு ஆங்கிலத்தில் ‘அன்ஸ்கூலிங்’ என்று பெயர். அமெரிக்காவில் ஜோன் ஹோல்ட் என்ற ஆசிரியர் 1970களில் வழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. பாடத்திட்டம், மணி, பரீட்சை என்று தொடங்காமல், பிள்ளை எதை ஆவலோடு தொடுகிறதோ அதிலிருந்து தொடங்கி, பெற்றோர் பொருளும் நேரமும் ஆட்களும் தேடிக் கொடுப்பது. தமிழில் நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. தமிழ் ரீச்சர் இங்கே இருக்கிறா, அவ ஒன்று செய்து தரட்டும்.

சும்மா விட்டுவிடுவது என்று நினைக்காதீர்கள். சும்மா விடுவதுபோல் இருக்கும், அதுதான் கஷ்டம். என் மகள் முதல் நான்கு மாதம் நித்திரை கொண்டாள், பிஸ்கட் செய்தாள், நாய்களைப் பற்றிய காணொளி பார்த்தாள். அதன் பிறகு ஒரு நாள், மா ஏன் பொங்குகிறது என்று கேட்டாள். நொதியத்துக்குப் போனோம், அங்கிருந்து நுண்ணுயிர், அங்கிருந்து எனது பழைய நுணுக்குக்காட்டி. இப்படி எழுதும்போது அழகாக இருக்கிறது. அந்த நான்கு மாதத்தில் நான் எத்தனை இரவு நித்திரையில்லாமல் கிடந்தேன் என்பது கணவருக்குத்தான் தெரியும். அவரும் முதலில் என்னோடு ஒத்துப்போகவில்லை.

அம்மாவுக்குச் சொன்ன நாள் மறக்காது. அம்மா கொக்குவிலில் இருக்கிறா. ரெலிபோனில் நான் சொல்லி முடித்ததும் சொன்னா: “ஊரை விட்டு நடந்தபோது நான் நகைப்பெட்டியைச் சுமக்கேல்லை, உன்ர புத்தகப் பையைத்தான் சுமந்தனான். நீ பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால எடுக்கிறியோ?”

அது உண்மை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, மழையில், வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்ததை இந்த மண்டபத்தில் பாதிப் பேர் உடம்பில் வைத்திருக்கிறீர்கள். எனக்குப் பதினைந்து வயது. சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு வீட்டு விறாந்தையில் மூன்று குடும்பம். எங்கள் பாடசாலை ரீச்சர் ஒருவர் இரண்டு வீடு தள்ளி இருந்தா. அந்த விறாந்தையில் ஐந்து பிள்ளைகள் சாதாரண தரப் பாடம் படித்தோம். ஜாம் போத்தல் விளக்கு, சொட்டு மண்ணெண்ணெய். கொப்பி கிடைக்காத காலம், பழைய கணக்குப் புத்தகத்தின் ஓரங்களில் எழுதினோம். அதை நான் ‘அன்ஸ்கூலிங்’ என்று சொல்ல வரவில்லை. அப்படி யாரேனும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். எங்களிடமிருந்து பள்ளிக்கூடம் பறிக்கப்பட்டது, நாங்கள் அதற்காக ஏங்கினோம். நூறு வருடத்துக்கு முன் பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று இந்தப் பாடசாலையைத் தொடங்கியவர்களுக்கும், 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கராவுக்கும் நான் கடன்பட்டவள். அந்தக் கடன் இல்லாவிட்டால் நான் வைத்தியர் இல்லை.

ஆனால் அந்த விறாந்தையில் இன்னொன்று நடந்தது. அது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. எங்கள் ஐந்து பேரின் தாய்மாரும் கிணற்றடியில் கூடுவார்கள். யார் வீட்டில் எண்ணெய் இருக்கு, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எங்கே பின்னேர வகுப்பு நடக்குது, இந்தப் பிள்ளைகள் பரீட்சை எடுக்குமோ எடுக்காதோ என்று கதைப்பார்கள். ஒருவருக்குத் தைரியம் போனால் மற்றவர் பிடித்துக்கொள்வார். அம்மா தனியாக இருந்திருந்தால் அந்தப் பையை அடுப்பில் போட்டிருப்பா என்று அவவே சொல்லியிருக்கிறா. 2022இல் லண்டனில் எனக்கு இல்லாமல் போனது அந்தக் கிணற்றடிதான்.

பீற்றர் கிரே, ஜீனா ரைலி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இவ்வாறு வாழும் 232 குடும்பங்களிடம் கேள்விகள் கேட்டு 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள்தான் அதில் இருக்கிறார்கள். மனம் நொந்து விட்டுப்போனவர்கள் பதில் எழுதியிருக்க மாட்டார்கள். ஆகவே பிள்ளைகள் எவ்வளவு நன்றாகக் கற்கிறார்கள் என்பதற்கு அதை நான் சான்றாகக் கொள்வதில்லை. ஆனால் ஒரு விடயத்தில் நம்புகிறேன்: எது மிகக் கடினம் என்று கேட்டபோது, அந்தப் பெற்றோர் அதிகமாகச் சொன்னது கணிதம் கற்பிப்பதையோ நேரமின்மையையோ அல்ல. சொந்தக்காரர், அயலவர், நண்பர்களின் விமர்சனத்தைத் தாங்குவதும், தங்களுக்குள்ளேயே ஊறிக் கிடக்கும் பள்ளிக்கூட எண்ணங்களை விடுவதும்தான். அமெரிக்கர் பாடே அப்படியென்றால், கல்வி எங்கள் சொத்து என்று தாலாட்டிலேயே கேட்டு வளர்ந்த எங்கள் பாடு எப்படி இருக்கும்?

துணை தேடினேன். ஜோன் ஹோல்ட் 1977இல் தொடங்கிய ஒரு சஞ்சிகை 2001 வரை வந்தது. அதன் பெரும்பகுதி பெற்றோர் எழுதிய கடிதங்கள். எந்த ஊரில் எந்தக் குடும்பம் இருக்கிறது, தொடர்புகொள்ள விருப்பமா என்று ஒரு பட்டியலும் அதில் வரும். அமெரிக்காவின் மூலையில் இருந்த ஒரு தாய் அந்தப் பட்டியலைப் பார்த்து இன்னொரு தாய்க்கு எழுதுவாள். அந்தக் காலத்துக் கிணற்றடி அது. இப்போது கைபேசிக்குள் வந்துவிட்டது. பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் இங்கிலாந்தின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வீட்டுக் கல்விக் குழுக்கள் இருக்கின்றன. ஒரே இரவில் ஒன்பது குழுக்களில் சேர்ந்தேன். பசியில் கடைக்குப் போனவள் மாதிரி.

அவற்றில் ஆறை விட்டு விலகினேன். ஏன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் யாருக்காவது இது தேவைப்படலாம். ஒன்றில், தடுப்பூசி போடாமல் விடுவதும் பாடசாலை விடுவதும் ஒரே சுதந்திரம் என்று பேசினார்கள். நான் வைத்தியர் என்று தெரிந்ததும் என்னோடு சண்டைக்கு வந்தார்கள். வீட்டில் கற்கும் பிள்ளைக்குப் பாடசாலைத் தாதி வந்து ஊசி போடமாட்டார், நீங்களே நினைவு வைத்துக் கேட்டுப் போட வேண்டும் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். இன்னொன்றில் ஒரு பெண்மணி எல்லோருக்கும் மிக அன்பாகப் பதில் எழுதுவார், மூன்றாம் கிழமை தனிச் செய்தியில் வந்து ஒரு பாடப் பொதியை விற்பார். வேறொன்றில், கணிதப் புத்தகம் வாங்கினேன் என்று எழுதிய ஒரு தாயை, நீ உண்மையான அன்ஸ்கூலர் இல்லை என்று பத்துப் பேர் சேர்ந்து ஏசினார்கள். பள்ளிக்கூடத்துக் கண்டிப்பை விட்டு ஓடி வந்து இன்னொரு கண்டிப்பில் விழுவதா? அன்றே வெளியேறினேன்.

நான் தங்கிய குழுக்களுக்கு ஒரு குணம் பொதுவாக இருந்தது. பிள்ளை மறுபடி பாடசாலைக்குப் போய்விட்டது என்று ஒருவர் எழுதினால், அங்கே வாழ்த்துச் சொன்னார்கள். துரோகி என்று சொல்லவில்லை. இதை விட நல்ல பரீட்சை எனக்குத் தெரியவில்லை. கேள்வி கேட்பவரின் பிள்ளை என்ன மாதிரி என்று முதலில் விசாரித்தார்கள், பிறகுதான் ஆலோசனை. பிள்ளையின் முகமும் பெயரும் போடவேண்டாம் என்று நிர்வாகிகளே கண்டித்தார்கள். என் மகளின் அந்த மாடிப்படிக் காலையை நான் எந்தக் குழுவிலும் எழுதவில்லை. இன்று சொல்வதற்குக்கூட அவளிடம் அனுமதி கேட்டுத்தான் வந்தேன். சப்பாத்தைச் சொல்லலாம், கணுக்காலைச் சொல்ல வேண்டாம் என்றாள், பிறகு சரி சொல்லுங்கோ என்றாள்.

குழுக்களிடம் இருந்து கிடைத்த நடைமுறை உதவி பெரிது. உள்ளூராட்சி சபையிலிருந்து கடிதம் வந்தபோது கை நடுங்கியது. சபை பெற்றோரிடம் விசாரிக்கலாம். கிடைக்கும் கல்வியில் திருப்தி இல்லையென்றால், அதே சட்டத்தின் 437ஆம் பிரிவின்படி பாடசாலைக்கு அனுப்பும்படி உத்தரவிடும் வழியில் போகலாம். சிலர், பதிலே போடாதே என்றார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்து முடித்த ஒரு வெள்ளைக்காரத் தாய், எழுத்தில் பதில் கொடு, பிள்ளை என்ன வாசித்தது, எங்கே போனது, யாரோடு கற்றது என்று திகதியோடு எழுது, மரியாதையாக எழுது என்று சொல்லி, தன் பழைய அறிக்கையையே எனக்கு அனுப்பினார். அதை வைத்து நான் எழுதினேன். வந்த அதிகாரி நல்ல மனிதர், மகளோடு நொதியம் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார். 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் முன்வைத்த சட்டமூலம், பாடசாலைக்குப் போகாத பிள்ளைகளுக்குக் கட்டாயப் பதிவேடு வேண்டும் என்றது. குழுக்களில் பலர் கொதித்தார்கள். நான் கொதிக்கவில்லை. வீட்டுக்குள் மறைந்து துன்பப்படும் பிள்ளைகளையும் நான் தொழிலில் கண்டவள். பதிவேடு இருக்கட்டும், அதைக் கையாளுபவருக்குக் கொஞ்சம் பயிற்சியும் இருக்கட்டும்.

பரீட்சை விடயமும் அப்படித்தான். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஐ.ஜி.சி.எஸ்.ஈ. எழுதலாம், விஞ்ஞானத்தில் ஆய்வுகூடச் செய்முறைக்குப் பதிலாக எழுத்துப் பரீட்சை உள்ள பாடத்திட்டங்கள் உண்டு, ஆனால் வெளியாரை ஏற்கும் நிலையத்தைத் தேடுவதுதான் பெரும்பாடு, பணமும் நாங்கள்தான் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாய்மாரிடம் கற்றது. மகள் இந்த வருடம் உயிரியலும் கணிதமும் எழுதினாள். பெறுபேறு என்ன என்று கேட்க வாய் துடிப்பது தெரிகிறது. சொல்லமாட்டேன். அவளுடைய விடயம்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கப்போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்துக் குழுவில் கிடைக்கும் தைரியத்தை ஜேர்மனியில் வைத்துக்கொள்ள முடியாது. அங்கே பாடசாலைக்கு அனுப்புவது கட்டாயம், அதை எதிர்த்த பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் 2006இல் வெல்லவில்லை. சுவிஸில் கன்ரனுக்குக் கன்ரன் வேறுபடும். ஒன்ராறியோவில் பாடசாலைச் சபைக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். இலங்கையில் 2016 முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். உங்கள் நாட்டுச் சட்டத்தை உங்கள் நாட்டுக்காரரிடம் கேளுங்கள்.

எல்லாம் கிடைத்தும் ஒன்று குறைந்தது. அந்தக் குழுக்களில் என் அம்மாவின் கேள்வியைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. புத்தகப் பை என்றால் அவர்களுக்குப் பை. கோயிலில், கலியாண வீட்டில், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் “எந்தப் பள்ளிக்கூடம்?” என்று கேட்கும்போது வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. விளக்க வேண்டியிருந்தாலே ஆறுதல் பாதி போய்விடும். என் மகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பையும் வீணை வகுப்பையும் விடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டாலும் நாங்கள் வகுப்பை விடுவமோ?

2023 முடிவில் கனடாவிலிருந்து ஓர் அழைப்பு. எனக்கு இரண்டு வருடம் மூத்த அக்கா. வலைப்பந்து அணியில் இருந்தவ, சிலருக்கு இப்போதே ஆள் விளங்கியிருக்கும், பெயர் சொல்லவில்லை. யாரோ மூலம் என் கதை அவவுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் ஊரில் எதுவும் மறைவதில்லை, லண்டன் போனாலும். “தங்கச்சி, என்ர மகனும் ரெண்டு வருசமா வீட்டிலதான். நான் ஒருதருக்கும் சொல்லேல்லை” என்றா. நான் பதில் சொல்லவில்லை. இரண்டு பேரும் ரெலிபோனில் அழுதோம். பிறகு இரண்டு மணித்தியாலம் சிரித்தோம். அவ மகன் ஏதோ பழைய வானொலிகளைத் திருத்துகிறானாம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி நாங்கள் வானொலி கேட்ட கதையைச் சொன்னாவாம். அவன் நம்பாமல் செய்து பார்த்திருக்கிறான்.

இப்போது நாங்கள் ஒன்பது பேர். அதில் ஆறு பேர் இந்தப் பாடசாலையின் பழைய மாணவிகள் என்றால் நம்புவீர்களா? ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். கோடையில் லண்டனில் பின்னேரம் மூன்று மணி, ரொறன்ரோவில் காலை பத்து, கொழும்பில் இரவு ஏழரை, மெல்பேணில் நள்ளிரவு. மெல்பேண் தங்கை பாதி நேரம் குறட்டைதான். யாரும் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. ஒருவரின் மகன் இந்தக் கிழமை குளிக்கவே இல்லை என்று சொன்னால், மற்றவரின் மகன் மூன்று கிழமை குளிக்கவில்லை என்று சொல்வார். இரண்டு பேர் பிள்ளைகளை மறுபடி பாடசாலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களும் தொடர்ந்து வருகிறார்கள், இப்போது வீட்டுப்பாடத்தைப் பற்றி முறையிடுகிறார்கள். என் இளைய மகனும் பாடசாலைக்குத்தான் போகிறான், மிகச் சந்தோசமாக. ஒரு வீட்டிலேயே இரண்டு வழியும் இருக்கிறது.

இன்னொன்றையும் ஒளிக்கக் கூடாது. நான் வேலையைக் கிழமைக்கு மூன்று நாளாகக் குறைத்தேன். கணவர் வீட்டிலிருந்து வேலை செய்யக்கூடியவர். அதனால் முடிந்தது. இரண்டு வேலை செய்து வாடகை கட்டும் தாய்க்கு இதைச் செய் என்று நான் சொல்லமாட்டேன். அப்படியான ஒரு தங்கை எங்கள் ஒன்பது பேரில் இருக்கிறா. அவவுக்கு நாங்கள் முறை வைத்து, அவவின் மகளோடு ஸூமில் மணித்தியாலக் கணக்கில் இருக்கிறோம். கணிதம் ஒருவர், ஆங்கில வாசிப்பு ஒருவர், நான் உயிரியல். அந்தப் பிள்ளைக்கு உயிரியல் பிடிக்கவில்லை, பாம்புகளைத்தான் பிடிக்கும். ஆகவே பாம்பு படிக்கிறோம். எனக்குப் பாம்பென்றால் உயிர் போகும்.

அம்மா இன்னும் மாறவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோனில் முதல் கேள்வி, “பிள்ளை எப்ப பள்ளிக்கூடம் போறது?” இரண்டாவது கேள்வி மகளுக்கு, “என்ன சமைச்சனீ?” பேத்திக்கு ரெலிபோனில் ஒடியல் கூழ் சொல்லிக் கொடுத்தா. சொல்லச் சொல்ல மகள் தமிழில் எழுதினாள். ‘ழ’வையும் ‘ள’வையும் மாற்றி எழுதிய அந்தக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பினேன். அம்மா அதைச் சிவப்புப் பேனையால் திருத்தி, திரும்பப் படம் எடுத்து அனுப்பினா. பத்துக்கு ஆறு போட்டிருந்தா.

என் பேச்சு இவ்வளவுதான். இதைக் கேட்டு, உங்கள் வீட்டிலும் மாடிப்படியில் நிற்கும் ஒரு பிள்ளை இருந்தால், அதை யாருக்கும் சொல்லாமல் இருந்தால், நான் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் நிற்பேன். பாடசாலையை விடுங்கள் என்று சொல்லமாட்டேன், விடவேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். முதலில் பிள்ளையைப் பற்றிக் கேட்பேன். மகளும் வந்திருக்கிறாள், கடைசி வரிசையில் நீலச் சட்டை. போய்க் கதையுங்கள், அவளுக்குக் கதைக்கப் பிடிக்கும். எந்தப் பள்ளிக்கூடம் என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன சமைச்சனீ என்று கேளுங்கள்.